உட்சாட்சிப் பணி

அந்த ஆணை ஒரு புதன்கிழமை மூன்றாவது பீரியடில் வந்தது. பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை நேரே வகுப்புக்கே வந்து பழுப்பு உறையை மேஜைமேல் வைத்துவிட்டு, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி என் தோளைத் தொட்டார்.

“வடிவு, உங்க பேரு வந்திருச்சு. வேணும்னா பி.பி. இருக்குன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுங்க. நான் மேல அனுப்பிடறேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பதினோரு தேர்தலுக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவள் நான். ஒரு தடவைகூட ஒரு படிவத்தில் ஒரு பிழை என்று தாலுகா ஆபீஸில் என்னை நிறுத்திவைத்தது கிடையாது. சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு ஓடி ஒளிகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதுவும் இந்த வேலைக்கு நான் ஏன் ஓட வேண்டும்? கொலைகாரனைத் தூக்கில் போட வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் தொண்டை வற்றக் கத்துகிறவளே நான்தான்.

உட்சாட்சிச் சட்டம் வந்து அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. எல்லாக் கோர்ட்டும் தூக்கை உறுதிசெய்து, கருணை மனுவும் தள்ளுபடியான பிறகு, சாதாரண மனிதர் ஒருவர் அந்தக் கைதியின் மனத்துக்குள் இரண்டு மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வந்து, படிவத்தில் ‘ஒப்புகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் தூக்கு. ‘ஒப்பவில்லை’ என்று போட்டால் சாகும்வரை சிறை. மறு சாட்சி கிடையாது. முதலில் பொதுமக்களைக் குலுக்கல் போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த நாட்டில் யாரும் செய்யமாட்டேன் என்கிற வேலையெல்லாம் கடைசியில் வாத்தியார் தலையில்தான் விடியும். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அப்புறம் இது.

இரண்டு நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பயிற்சி கொடுத்த அதிகாரி எங்களை எல்.கே.ஜி. பிள்ளைகள் மாதிரி மூன்று வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். “பதி, பார், அழி.” முதலில் சாட்சியின் மனத்தை ஐந்து நிமிடம் மாதிரிக்குப் பதிய வேண்டும். சரியாகப் பதிந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு அதை அழித்துவிட்டுத்தான் கைதியோடு இணைக்க வேண்டும். தேர்தலில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திவிட்டு அதை அழித்தபிறகு நிஜ வாக்குப்பதிவு தொடங்குவோமே, அதே கதைதான். அழிக்க மறந்து, மறுவாக்குப்பதிவு வரைக்கும் இழுத்துவிட்ட ஆசாமிகளை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துப் பயிற்சி வகுப்பில் சத்தமாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

குறித்த நாளில் காலை ஒன்பதரைக்குச் சிறை வாசலில் இருந்தேன். கண்காணிப்பாளர் தனுஷ்கோடி தானே வந்து அழைத்துப் போனார். அடர்ந்த மீசை, தணிந்த குரல். தன் அறையில் உட்காரவைத்து வடையும் காபியும் வரவழைத்தார். நான் வடையைத் தொடவில்லை.

“கேஸ் கட்டு படிச்சிருப்பீங்க டீச்சர்” என்றார்.

படித்திருந்தேன். பெயர் கோமதிநாயகம், வயது முப்பத்து நான்கு. வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற வேலை. தனியாக இருந்த இரண்டு பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தான். ஒருத்தி ஓய்வுபெற்ற நர்ஸ் ரெபேக்கா. இன்னொருத்தி அப்பளம் போட்டு விற்ற விசாலம். பொட்டு நகை எடுக்கவில்லை. வேறு தப்பும் செய்யவில்லை. ஏன் கொன்றாய் என்று நீதிபதி கேட்டதற்கு, “பயந்தா மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாத்தேன்” என்று சொல்லியிருந்தான்.

“கட்டுல வராதது ஒண்ணு சொல்றேன். ரெபேக்காம்மா மக வெளியூர்ல இருந்து அன்னைக்கு நாப்பது தடவை போன் அடிச்சிருக்கு. இவன் பக்கத்துல உக்காந்து அது அடிக்கிறதைப் பாத்துட்டே இருந்திருக்கான். எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.” தனுஷ்கோடி காபியைக் கீழே வைத்தார். “இங்க வந்து ரெண்டாம் வருஷம் எங்க ஆளு சீனிராஜைக் கொன்னான். சாப்பாட்டுத் தட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கத்தியாக்கி வச்சிருந்திருக்கான். சீனிராஜ் அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல்னு மாத்திரை குடுக்கப் போனவரு. உங்களை இப்படிப் போடுங்க அப்படிப் போடுங்கன்னு நான் சொல்லக்கூடாது. ஆனா எங்க ஆளுங்க நூத்துப் பன்னெண்டு பேரு தினமும் அந்தக் கதவைத் தொறந்து மூடணும். அதை மட்டும் மனசுல வச்சிக்கோங்க.”

“கவலைப்படாதீங்க சார்” என்றேன். நான் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இணைப்பு அறையில் டாக்டர் நஸ்ரின் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பியூட்டி பார்லரில் தலைமேல் கவிழ்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு தொப்பி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தொப்பிக்கு அடியில், கையும் காலும் பூட்டிய நிலையில், ஒரு சாதாரண ஆள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் பேசாமல் வழிவிட்டு நகர்ந்துகொள்வானே, அப்படி ஒரு முகம்.

“ஏம்மா, இதை நீங்களே உள்ள போய்ப் பாத்துட்டு வரலாமே? நீங்கதான் மூளை டாக்டர்” என்றேன்.

“நாங்க போனா மூளையைத்தான் பாப்போம் டீச்சர். சட்டம் கேக்கறது ஆளைப் பாக்கற ஒருத்தரை.” அவள் தொப்பியைச் சரிசெய்தாள். “இப்ப மாதிரிப் பதிவு. ரேடியோவுல ஸ்டேஷன் புடிக்கிற மாதிரி, உங்க மனசு எந்த அலையில ஓடுதுன்னு மெஷின் தெரிஞ்சுக்கும். அஞ்சு நிமிஷம் ஏதாவது சின்ன விஷயமா நினைங்க. சமையல், துணி காயப்போடறது, அப்படி. வீட்டு ஆளுங்க வேண்டாம். முடிஞ்சதும் இந்த நீல பட்டனை நீங்களே அமுக்கி அழிச்சிருங்க. நான் தொடக்கூடாது. சாட்சி மனசு சாட்சிக்கு மட்டும்தான் சொந்தம்.”

சாம்பாரை நினைத்தேன். பருப்பை வேகவைத்தேன், புளியைக் கரைத்தேன். ஆனால் காதுக்குள் அந்த நாற்பது போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன் பின்னாலேயே, நினைக்கவே கூடாது என்று நான் பத்தொன்பது வருடமாகப் பூட்டி வைத்திருந்தது வந்துவிட்டது.

ஆனித் தேரோட்டம். என் மகள் சிவரஞ்சனிக்கு அப்போது ஐந்து வயது. மஞ்சள் கவுன். வடம் பிடித்தவர்கள் ஓவென்று கத்த, கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியது. கையில் இருந்த விரல் நழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை. நாற்பது நிமிடம். மிதிபட்ட பூ வாசமும் கற்பூரப் புகையும் அடித்துக்கொண்டிருக்க, தெரிந்தவர் தெரியாதவர் கையையெல்லாம் பிடித்து மஞ்சள் கவுன், மஞ்சள் கவுன் என்று கெஞ்சினேன். “எங்க போயிறப் போறா, இங்கதான் இருப்பா” என்று என் வீட்டுக்காரரே சொன்னார். ஒருத்தருக்கும் என் வயிறு எரிந்த மாதிரி எரியவில்லை. கடைசியில் ஒரு வளையல் வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வளையல் வண்டி வரைக்கும் என் நினைப்பு போகவில்லை. அதற்குள் ஐந்து நிமிடம் முடிந்து மணி அடித்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு நீல பட்டன் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அந்தச் சமயம் பார்த்துத் தனுஷ்கோடி வருகைப் பதிவேட்டை நீட்டினார். “ஒரு கையெழுத்து டீச்சர்.”

பதிவேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். ‘இப்பதிவேட்டில் நூறு பக்கங்கள் உள்ளன’ என்ற சான்று இல்லை. எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் அது இல்லாமல் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. “இதென்ன சார், பக்கச் சான்று இல்லாம எப்படிப் போடுவேன்? நாளைக்கு நடுவுல ஒரு பக்கத்தைக் கிழிச்சா யாரு பொறுப்பு?” என்று பிடித்துக்கொண்டேன். அவர் சமாதானம் சொன்னார். நான் விடவில்லை. பக்கத்தை எண்ணி, சான்று எழுதி, முத்திரை வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஜெயித்த திருப்தியோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, “ம், ஆரம்பிங்க” என்றேன்.

“அழிச்சிட்டீங்கல்ல டீச்சர்?” என்று நஸ்ரின் கேட்டாள்.

“பதினோரு எலெக்‌ஷன் பாத்தவ நான்” என்றேன்.

நீல பட்டனை நான் அமுக்கவேயில்லை.

உள்ளே போனது எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் கைதான் தெரிந்தது. என் கை மாதிரி இருந்தது, ஆனால் மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு. தோளில் இருபது லிட்டர் கேன் பாரம். கதவு திறந்தது. விசாலம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “வெயில்ல வந்திருக்கே, மோர் குடிச்சிட்டுப் போ தம்பி” என்றாள். மோரை வாங்கிக் குடித்தேன். நன்றாக இருந்தது. பிறகு நடந்ததையும் அதே மோர் குடித்த மனத்தோடுதான் பார்த்தேன். அவள் கண் பிதுங்கியதை, கால் தரையில் தேய்ந்ததை எல்லாம் அவன் கவனமாகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, உள்ளே ஏதாவது அசைகிறதா என்று காத்திருந்தான். எதுவும் அசையவில்லை. கரண்ட் இல்லாத வீட்டில் காலிங்பெல்லை அமுக்கிக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது.

வெறுப்பைத் தேடித் தேடிப் பார்த்தேன், அதுகூட இல்லை. வெறுப்பு இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சீனிராஜ் மாத்திரையை நீட்டியதும், தட்டின் விளிம்பு அவர் கழுத்தில் இறங்கியதும், அதே ஓட்டை மனத்தோடுதான். இவனை விட்டுவைத்தால் இன்னும் செய்வான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘ஒப்புகிறேன்’ என்று நான் மனத்துக்குள் போட்டேவிட்டேன். போட்ட பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டுமே என்றுதான் நடுங்கினேன்.

சரியாகப் பாதி நேரம் தாண்டியதும் அந்த மனம் குலுங்கியது. பூ வாசம் அடித்தது. கற்பூரம். அவனுடைய மனத்தில் தேரும் கிடையாது, திருவிழாவும் கிடையாது. ஆனால் அவன் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தான், கையில் பிடித்திருந்த விரலைக் காணவில்லை. என் வயிற்றில் எரிந்த அதே தீ, முப்பத்து நான்கு வருடமாக எதுவுமே எரியாத ஒரு வயிற்றில் பற்றிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பூட்டோடு எழுந்து நாற்காலியைத் தரையில் இருந்து பிடுங்கப் பார்த்தான்.

“ரஞ்சனீ!” என்று கத்தினான். “மஞ்சக் கவுனு! யாராச்சும் பாத்தீங்களா? அய்யோ, யாராச்சும் பாத்தீங்களா?”

நஸ்ரின் மெஷினை நிறுத்தினாள்.

என்ன நடந்தது என்று அவள் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆயிற்று. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “டீச்சர், மாதிரிப் பதிவு அழியலை. பாதி நேரத்துல அலையைச் சரிபாக்க மெஷின் அதை எடுத்து ஓட்டும். வழக்கமா வெத்தா இருக்கும். இன்னைக்கு உங்களது இருந்துருக்கு. அவருக்குள்ள போயிருச்சு.”

நீல பட்டனைத் திரும்பிப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்தேன்.

“அழிக்காம ஓடாதபடி செய்ய வேண்டியதுதானே?” என்று தனுஷ்கோடி எகிறினார்.

“அடுத்த மாடல்ல வருது சார்.”

“சரி, அதனால என்ன இப்ப? சட்டப்படி பாதிக்கு மேல பாத்தாச்சு. அவன் யாருன்னு டீச்சருக்குத் தெரிஞ்சிருச்சு. கையெழுத்துப் போடட்டும்.”

“சார், அது இப்ப வெறும் ஞாபகம் இல்லை. அந்தப் பயம் அவருக்குள்ள ஓடிட்டு இருக்கு. தானா உண்டாக்கத்தான் அவர் மூளையில இடமில்லை. வெளியில இருந்து வந்தா ஏத்துக்குது” என்றாள் நஸ்ரின். “ரெண்டு நாள் நிக்கலாம்னு நினைக்கிறேன். மனுஷங்க மேல இதை யாரும் செஞ்சு பாத்ததில்லை.”

கைதி சாட்சியோடு பேச வேண்டும் என்று கேட்டால் பத்து நிமிடம் கொடுக்க வேண்டும் என்று விதி. இதுவரை எந்தக் கைதியும் கேட்டதில்லையாம். கோமதிநாயகம் கேட்டான்.

இரண்டு மணிக்கு ஒரு இரும்பு மேஜைக்கு எதிரே என்னை உட்காரவைத்தார்கள். அவன் இரண்டு கையும் மேஜை வளையத்தில் சங்கிலியால் பூட்டியிருந்தது. முகம் வீங்கியிருந்தது. காலையில் பார்த்த ஆளா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

“டீச்சர், அந்தப் பாப்பா கெடைச்சிருச்சா?”

காவலர்களோடு என் பின்னால் நின்ற தனுஷ்கோடியையும் நஸ்ரினையும் திரும்பிப் பார்த்தேன்.

“கையைப் புடிச்சிட்டுத்தான் இருந்தேன் டீச்சர். சத்தியமா புடிச்சிட்டுத்தான் இருந்தேன். தேடிட்டே இருக்கேன், பாதியில நின்னுபோச்சு. அதுக்கப்புறம் தெரியலை. சொல்லுங்க டீச்சர், கெடைச்சிருச்சா?” மேஜையில் நெற்றியை மோதினான். “இப்படித்தான் இருக்குமா எல்லாருக்கும்? அந்தம்மா போன் அடிச்சிட்டே இருந்துச்சே. அந்தப் பொண்ணுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? நான் பாத்துட்டே இருந்தனே டீச்சர்!”

காலையில் அவனுக்குள்ளே போய் அருவருத்து வந்தவள் நான். ஆனாலும் அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. பிள்ளை தொலைத்தவர்களிடம் விளையாடக்கூடாது. “கிடைச்சிட்டாப்பா” என்றேன். “வளையல் வண்டிக்கு அடியில தூங்கிட்டிருந்தா. இப்ப அவளுக்கு இருபத்து நாலு வயசு. நல்லா இருக்கா.”

அவன் அழுதான், சிரித்தான். “நல்லவேளை, நல்லவேளை” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தண்ணீர் கேட்டான். தனுஷ்கோடி ஒரு நொடி தயங்கினார். பச்சைப் பிள்ளை மாதிரி விம்முகிறவனைப் பார்த்து, வலது கையை மட்டும் அவிழ்க்கச் சொன்னார். அவன் தண்ணீரைக் குடித்தான். மெதுவாக மூச்சு விட்டான். முகத்தைத் துடைத்தான். நஸ்ரின் நாடி பார்க்கக் குனிந்தாள்.

“டாக்டரம்மா” என்றான். “உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?”

மென்மையான குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். விசாலம் வீட்டு வாசலில் அதே குரலில்தான் நான் மோர் வாங்கிக் குடித்தேன். தள்ளிப் போம்மா என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சங்கிலி அவள் கழுத்தில் இருந்தது. மேஜையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, அவள் முகத்தைத் திருப்பி, கண்ணுக்குள் உற்றுப் பார்த்தான். காவலர் இருவர் பாய்ந்தார்கள். “கிட்ட வந்தா உடைச்சிருவேன்” என்றான், சாதாரணமாக. தனுஷ்கோடியின் கையில் லத்தி இருந்தது. ஓங்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. நஸ்ரினின் செருப்பு தரையில் தேய்ந்தது.

எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியாது. எந்தத் தாயும் தன் பிள்ளையைப் பற்றி வாயால் சொல்லக்கூடாத வார்த்தையை நான் சொன்னேன்.

“கிடைக்கலை! பொய் சொன்னேன்டா! என் பிள்ளை கிடைக்கவே இல்லை! இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன்!”

அவன் என் பக்கம் திரும்பினான். முகம் உடைந்தது. சங்கிலி தளர்ந்தது. நஸ்ரின் தரையில் விழுந்து இருமினாள். காவலர்கள் அவனை அமுக்கினார்கள். அவன் எதிர்க்கவில்லை. “மஞ்சக் கவுனு, மஞ்சக் கவுனு” என்று தரையோடு கன்னம் பதிய முனகிக்கொண்டிருந்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். ரஞ்சனிக்குப் போன் போட்டேன். “என்னம்மா, வேலை நேரத்துல?” என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

நாலேகால் மணிக்கு மறுபடி உட்கார்ந்தோம். நஸ்ரின் கழுத்தில் சங்கிலித் தடம் சிவந்து கிடந்தது. குரல் கரகரத்தது. “மெஷின்ல இருந்ததை எல்லாம் திரும்பப் பாத்துட்டேன். தேடற வரைக்கும்தான் அந்தப் பயம் நிக்குது. கெடைச்சிட்டான்னு தெரிஞ்சதும் மூளை அதை முடிஞ்ச விஷயமா மடிச்சு வச்சிருது. பத்து நிமிஷத்துல பழைய ஆளு. கெடைக்கலைன்னே இருந்தாலும் ரெண்டு நாள்தான். திரும்ப நீங்க வந்து நேர்ல உக்காந்து நினைச்சாத்தான் ஏறும். பழைய பதிவு வேலைக்காகாது. வேற ஆளோட மனசையும் அவர் மூளை ஏத்துக்காது. உங்களோடதுக்குப் பழகிருச்சு.”

“அப்ப கையெழுத்தைப் போடுங்க டீச்சர்” என்றார் தனுஷ்கோடி. “அவனே கேக்கறான்.”

கேட்டான். ஐந்து பேர் பிடித்திருக்க, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான். “டாக்டரம்மா கழுத்துல இருந்தது என் கைதான். எனக்குத் தெரியுது டீச்சர். இது உள்ள இருக்கும்போதே முடிச்சிருங்க. போயிருச்சுன்னா நான் திரும்பச் செய்வேன். சிரிச்சிக்கிட்டே செய்வேன்.”

படிவத்தில் இரண்டே கட்டம். பேனாவை எடுத்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தக் கதவைத் திறந்து மூட வேண்டும். காலையில் வந்த வடிவு டீச்சருக்கு இது ஒரு நொடி வேலை. ஆனால் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் தேர்க்கூட்டத்தில் அத்தனை ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒருத்தர்கூட என்னோடு சேர்ந்து அப்படித் தேடவில்லை, கட்டியவர் உட்பட. என் பிள்ளைக்காக என் அளவுக்குத் துடித்த இன்னொரு உயிர் உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான். அவன் கழுத்தில் கயிற்றைப் போட என் கை வரவில்லை. அதுதான் காரணம். நியாயம், தர்மம் என்று பெரிதாக எதுவும் யோசித்தேன் என்று சொன்னால் பொய்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ‘ஒப்பவில்லை’ கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

“டாக்டர்” என்றேன், “ரெண்டு நாளைக்கு ஒரு தடவைன்னா, எத்தனை மணிக்கு வரணும்?”

மூன்று வருடம் ஆகிவிட்டது. அரசாங்கம் எனக்கு அயற்பணி ஆணை போட்டுக் கொடுத்திருக்கிறது. ஒருநாள் பள்ளி, ஒருநாள் சிறை. மனித உரிமைக்காரர்கள் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘கருணை உள்ளம்’ என்று பத்திரிகையில் எழுதினார்கள். கோமதிநாயகம் அதன்பிறகு ஒரு எறும்பைக்கூட மிதித்தது இல்லை.

நான் ஒவ்வொரு தடவையும் தொப்பிக்கு அடியில் உட்கார்ந்து என் பிள்ளையைத் தொலைக்கிறேன். வளையல் வண்டி வருவதற்குள் நிறுத்திக்கொள்கிறேன். அவன் எழுந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது ஒன்றுதான். “இன்னைக்காவது ஏதாச்சும் தகவல் உண்டா டீச்சர்?” இல்லை என்று தலையாட்டுவேன். முதல் வருடம் தூக்கில் போடச் சொல்லி என் காலில் விழுந்தான். கையெழுத்து ஒரு தடவைதான், மாற்ற முடியாது. இப்போது அப்படிக் கேட்பதில்லை. பாப்பா கிடைக்கிறவரைக்கும் சாகமாட்டேன் என்கிறான். ஆள் பாதியாக இளைத்துவிட்டான். சோறு இறங்குவதில்லை. கண் ஓயாமல் கீழேயே துழாவிக்கொண்டிருக்கிறது. நான் சோர்ந்து இருந்தால் என்னையே தேற்றுகிறான். “கெடைச்சிருவா டீச்சர். தைரியமா இருங்க. நாம ரெண்டு பேரு தேடறோம்ல” என்கிறான்.

தனுஷ்கோடி போன மாதம் ஓய்வுபெற்றார். போவதற்கு முன் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். “நான் தூக்குல போடச் சொன்னவன் டீச்சர்” என்றார். “போட்டிருந்தா ஒரு நிமிஷம். சீனிராஜைக் கொன்னவன்தான், ஆனா மூணு வருஷமா இதைப் பாக்க எனக்கே முடியலை. இப்ப இந்த ஜெயில்ல அவனைப் பாத்து யாருக்கும் பயமில்லை. நீங்க வர்ற நாள்ல எங்க பசங்க உங்க மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கறாங்க, கவனிச்சீங்களா?”

கவனித்திருந்தேன்.

நேற்று ரஞ்சனிக்கு வளைகாப்பு. நேற்று எனக்குச் சிறை முறை. தள்ளிப்போட முடியாது, தள்ளினால் ஒரு காவலர் வீட்டில் இழவு விழும். போய், தொப்பிக்கு அடியில் உட்கார்ந்து, அவளைத் தொலைத்துவிட்டு, “கிடைக்கலைப்பா” என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து மண்டபத்துக்கு ஓடினேன். எல்லோரும் வளையல் போட்டு முடித்திருந்தார்கள். நிறைவயிற்றோடு மணையில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் முகம் கோணி அழ ஆரம்பித்துவிட்டாள்.

“எங்கம்மா போயிட்ட? எத்தனை நேரமாத் தேடிட்டு இருக்கேன் தெரியுமா உன்னை?”

சந்தனத்தைத் தொட்டு அவள் கன்னத்தில் பூசினேன். வளையலை எடுத்து அவள் விரலைக் குவித்துப் பிடித்து ஏற்றினேன். போட்டு முடித்த பிறகும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். “வலிக்குதும்மா, விடு” என்றாள்.